தூதுவளை: குச்சி நடுவதிலிருந்து இலை பறிப்பது வரை

வேலியோரத்தில் யாரும் தண்ணீர் விடாமலே படர்ந்து கிடக்கிற தூதுவளை, ஆசையாகத் தொட்டியில் வைத்தால் மட்டும் ஏன் செத்துப் போகிறது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. திருச்சியில் மொட்டை மாடியில் ஒன்பது வருடமாக இதை வளர்க்கிறேன். ஆடியில் கவாத்து செய்யும்போது, அதாவது செடியை வெட்டிவிடும்போது, விழும் குச்சிகளைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவேன். அதில் பாதி முதல் மாதத்திலேயே போய்விடும். பிழைத்ததில் பல, ஆறேழு மாதத்தில் கிட்டே போக முடியாத முள்புதராகி, ஒரு கைப்பிடி நல்ல இலை கூடத் தேறாமல் நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், வேலைகளை முன்பின்னாக மாற்றிச் செய்வது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. வாங்கும் முன் அது தூதுவளைதானா என்று பாருங்கள்

முதல் தடவை ஒரு நர்சரியில் தூதுவளை என்று சொல்லிக் கொடுத்ததை நான்கு மாதம் வளர்த்தேன். மஞ்சள் பூ பூத்தது. அது முசுமுசுக்கை. அதுவும் சளிக்கு ஆகிற கொடிதான், ஆனால் வெள்ளரி, பாகல் வகை. தூதுவளையோ கத்தரிக் குடும்பம்.

இலை நீளவாக்கில், ஓரம் நெளிந்து மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். இலையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், நடு நரம்பில் கொக்கி போல வளைந்த சின்ன முட்கள் இருக்க வேண்டும். பூ ஊதா நிறத்தில், ஐந்து இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகளுமாகக் கத்தரிப்பூ போலவே இருக்கும். வெள்ளைப் பூ வகையும் உண்டு, அபூர்வம். பழம் பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிதாக, பழுத்தால் நல்ல சிவப்பாக இருக்கும்.

கண்டங்கத்திரியோடும் குழப்பிக்கொள்கிறார்கள். அது தரையோடு தரையாகப் படரும், முள் வளையாமல் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், பழம் பழுத்தால் மஞ்சள். பார்த்தவுடன் தெரிந்துவிடும். சாப்பிடப்போகிற செடி என்பதால், பூவோ பழமோ இருக்கிற தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்து அதிலிருந்து குச்சி எடுப்பதுதான் பத்திரம்.

2. மாதத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

குச்சி நடுவதற்கு ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி முடியும் வரை நல்ல காலம். வெயிலின் உக்கிரம் குறைந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதை விட்டால் தை, மாசி. சித்திரை வைகாசியில் நட்டால் குச்சி வேர் விடும் முன்பே காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் நட்டால் அடி அழுகும். "இன்றைக்குத்தான் குச்சி கிடைத்தது, என்ன செய்ய?" என்று சித்திரையில் கேட்பவர்களுக்கு என் பதில், அந்தக் குச்சியில் துவையல் அரைக்க இலை இருந்தால் பறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், ஆடியில் வாருங்கள் என்பதுதான்.

வெயில் ஐந்து மணி நேரம் விழுந்தால் போதும். காலை வெயில் விழுந்து மதியத்துக்கு மேல் சுவர் நிழல் வருகிற கிழக்குப் பக்கம் கிடைத்தால் அதை விடாதீர்கள், இலை அகலமாகவும் இளசாகவும் வரும். முழு நிழலில் கொடி ஒல்லியாக நீளுமே தவிர இலையும் பூவும் குறைவு.

இன்னொன்று. மாடிப்படி ஓரம், துணிக்கொடிக்குக் கீழே, குழந்தைகள் ஓடுகிற பாதை, இந்த மூன்று இடமும் வேண்டாம். எங்கள் அம்மாவின் புதுப்புடவை ஒன்று கிழிந்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

3. பந்தல் முதலில், செடி அப்புறம்

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். செடி இரண்டடி வளரட்டும், அப்புறம் கொம்பு ஊன்றலாம் என்று இருப்பார்கள். இரண்டடி வளர்ந்த தூதுவளையில் தண்டு, காம்பு, இலை முதுகு எல்லாம் முள். அப்போது உள்ளே கைவிட்டுக் கொம்பு ஊன்ற யாராலும் முடியாது, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அது தரையில் புரண்டுவிடும்.

அடுத்த தவறு, அவரைக்குக் கட்டுவது போல ஒற்றைக் கயிறு கட்டிவிடுவது. அவரை கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும். பாகலுக்குப் பற்றுக்கம்பி இருக்கிறது. தூதுவளைக்கு இரண்டும் இல்லை. பக்கத்தில் இருக்கும் செடிமேல் சாய்ந்து, அந்தக் கொக்கி முள்ளை மாட்டிக்கொண்டுதான் மேலே போகும். அதனால் சாய்வதற்கு அகலமான ஒன்று வேண்டும்.

நான் செய்வது இதுதான். தொட்டியின் பின்பக்கம் நான்கடி உயரத்தில் இரண்டு மூங்கில், நடுவே கைப்பிடி நுழைகிற அளவு கண்ணுள்ள கம்பி வலை. வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு முழம் தள்ளிக் கட்டுங்கள், பின்பக்கத்திலிருந்தும் பறிக்கலாம், காற்றும் போகும். நான்கடிக்கு மேல் உயரம் தேவையில்லை. எட்டாத உயரத்தில் இருக்கிற முள்கொடியில் இலை பறிப்பது ஒரு தண்டனை.

தரையில் நடுபவர்கள் வேலிக்கம்பியை ஒட்டியே நட்டுவிடலாம்.

4. தொட்டியும் மண்ணும்

குறைந்தது 12 அங்குல ஆழமும் அகலமும் உள்ள தொட்டி அல்லது க்ரோ பேக். இது ஒரு பருவத்துக் கீரை இல்லை, வருடக்கணக்கில் நிற்கும். சின்னத் தொட்டியில் முதல் வருடம் நன்றாக வந்து இரண்டாம் வருடம் இலை சிறுத்துப்போகும்.

செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். கலந்து, ஈரப்படுத்தி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். அரைகுறையாக மக்கிய சாணம் இருந்தால் அந்த வாரத்தில் சூடு கிளம்பி அடங்கிவிடும். இல்லையென்றால் அந்தச் சூட்டில் இளம் வேர் வெந்துபோகும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் இவற்றில் எதுவாவது வாடிச் செத்த மண்ணை எடுத்து இதற்குப் போடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். வாடல் நோயும் வேர்முடிச்சு உண்டாக்குகிற நூற்புழுவும் மண்ணில் காத்துக்கொண்டிருந்து இதையும் பிடிக்கும். கீரை இருந்த மண் பரவாயில்லை.

அடியில் துளைகள் அடைபடாமல் ஓட்டுச்சில்லு போட்டு, அதன்மேல் மண்ணை நிரப்புங்கள். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்திவிடுங்கள், பின்னால் உரம் போட இடம் வேண்டும்.

5. குச்சியா விதையா?

விதையில் பொறுமை சோதிக்கப்படும். இரண்டு வாரத்திலும் முளைக்கும், ஒரு மாதம் கழித்தும் முளைக்கும், எல்லாமே ஒன்றாக முளைக்காது. குச்சியில் அந்தத் தொல்லை இல்லை, எந்தத் தாய்ச்செடியின் இலை உங்களுக்குப் பிடித்ததோ அதே இலை கிடைக்கும். புதியவர்கள் குச்சியிலேயே தொடங்குங்கள்.

விதைதான் கிடைத்தது என்றால், நன்றாகச் சிவந்த பழத்தைப் பிசைந்து சதையைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, நிழலில் மூன்று நாள் உலர்த்தி, கால் அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தூவுங்கள். சதையோடு போட்டால் முளைப்பும் தாமதம், எறும்பும் தூக்கிக்கொண்டு போகும்.

6. குச்சி நடுவது, அதன்பின் வரும் 30 நாள்

பென்சில் தடிமனில், பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டாக எடுங்கள். நுனித் தளிர் அழுகிவிடும், அடியில் இருக்கும் கட்டைத்தண்டு வேர் விட அடம் பிடிக்கும். ஒரு சாண் நீளம், அதில் நான்கு கணுவாவது இருக்க வேண்டும்.

வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிவிடுங்கள். இலையெல்லாம் எடுத்த பிறகு எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தலைகீழாக நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒருவர் இருவர் இல்லை. முள் கொடியின் அடியை நோக்கித்தான் வளைந்திருக்கும், அதைப் பாருங்கள் என்று சொன்னால் போதாதா என்பீர்கள். குச்சி நடும் அவசரத்தில் யார் முள் வளைவைப் பார்க்கிறார்கள்?

கீழ் இரண்டு கணுவில் இருக்கும் முள்ளையும் இலையையும் நீக்கிவிட்டு, அந்த இரண்டு கணுவும் மண்ணுக்குள் போகிற மாதிரி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் சுலபமாகக் கிளம்பும். மேலே ஒரே ஒரு இலை, அதையும் பாதியாக நறுக்கிவிடலாம். வேர் இல்லாத குச்சி இலை வழியாக இழக்கிற தண்ணீரை எங்கிருந்து எடுக்கும்? மேல்வெட்டில் ஈரச் சாணத்தை உருண்டையாக அப்பிவிடுங்கள், நுனி காயாது. சுற்றி மண்ணை விரலால் அழுத்தி இடைவெளி இல்லாமல் செய்யுங்கள்.

நேராகப் பெரிய தொட்டியில் நட வேண்டாம், சின்ன நாற்றுப் பையில் ஐந்தாறு குச்சியாக வையுங்கள், பையைத் தூக்கி நிழலில் வைக்கலாம். எல்லாமே பிழைக்காது, மூன்று வந்தால் நல்ல கை.

இப்போது கவனம். பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர் வரும். எல்லோரும் ஏமாறுவது இதில்தான். வேர் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வெயிலில் கொண்டுபோய் வைப்பார்கள், மூன்றாம் நாள் துளிர் கருகும். அந்தத் துளிர் குச்சிக்குள் இருந்த சேமிப்பில் வந்தது, வேரினால் வந்தது இல்லை. துளிர் இலையாக விரிந்து, அடுத்த ஜோடி துளிரும் வந்து, சுமார் மூன்றிலிருந்து நான்கு வாரம் ஆன பிறகுதான் வேர் இருக்கிறது என்று நம்பலாம். அதுவரை வெளிச்சம் இருக்கிற நிழல்தான். மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

வேர் வந்துவிட்டதா என்று குச்சியை இழுத்துப் பார்க்காதீர்கள். எதிர்வீட்டு அக்கா ஐந்து குச்சியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் இழுத்துப் பார்த்தே கொன்றார். "வேர் வந்துதான் இருந்துச்சு தம்பி, இழுத்ததுல அறுந்துருச்சு" என்று அவரே சொன்னார்.

7. பெரிய தொட்டிக்கு மாற்றுவது

பையை உரிக்கும் முந்தின நாள் தண்ணீர் விட்டுவிடுங்கள், மண் உருண்டை உடையாது. மாலையில் நடுங்கள், வலைக்கு நான்கு விரல் தள்ளி, வலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து. ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். பிறகு ஐந்து நாள் பாதி நிழல், அடுத்த ஐந்து நாள் காலை வெயில், அப்புறம் அதன் இடம்.

8. தண்ணீர்

விரலை ஒரு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட வேண்டாம், அவ்வளவுதான். மாடியில் பங்குனியிலிருந்து ஆவணி வரை அநேகமாகத் தினமும் கேட்கும், மார்கழியில் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

கோடையில் மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பாருங்கள், தானாக நிமிர்ந்திருந்தால் அது வெயில் களைப்பு. மாலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல், அதற்குத் தண்ணீர் விட்டால் கதை முடிந்தது. தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் தட்டை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். கோடையில் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ மேலே மூடாக்காகப் போடுங்கள்.

9. கிள்ளுங்கள், கட்டுங்கள்

செடி ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளி எறியுங்கள். மனசு வராது, தெரியும். கிள்ளாவிட்டால் ஒரே தண்டாக மேலே ஓடி, அடியில் இலை உதிர்ந்து, வெறும் முள்குச்சியாக நிற்கும். கிள்ளினால் பக்கக் கிளைகள் இரண்டு மூன்று வரும். அவையும் ஒரு சாண் வந்ததும் மறுபடி கிள்ளுங்கள். நமக்கு வேண்டியது இளம் இலை, அது புதுக்கிளையில் மட்டும்தான் வரும்.

வாரம் ஒருமுறை புதுக்கிளைகளை வலையில் விசிறி மாதிரி பரப்பிக் கட்டுங்கள். தண்டு இளசாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும், பழுப்பேறிவிட்டால் ஒடியும். கட்ட வாழைநாரோ துணிக்கிழிசலோ போதும். ஆடிக்காற்று அடிக்கிற ஊர்க்காரர்கள் இதில் சோம்பல் படக்கூடாது, ஆடுகிற கொடி தன் முள்ளால் தன் இலையையே கிழித்துக்கொள்ளும்.

துணிக் கையுறை இதற்குப் பிரயோசனம் இல்லை, கொக்கி அதையே பிடித்துக்கொள்ளும். தோல் கையுறை வாங்குங்கள். கை மாட்டிக்கொண்டால் வெளியே இழுக்காதீர்கள், முள் கொடியின் அடியை நோக்கி வளைந்திருப்பதால் கையை அடிப்பக்கமாக நகர்த்தினால் தானே விடும்.

10. உரம்

மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மேல்மண்ணைக் கிளறிப் போட்டால் போதும். இலை பறித்த வாரத்தில் பஞ்சகவ்யம், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். இதற்கு மேல் வேண்டாம். மீன் அமிலமும் கடலைப்புண்ணாக்குத் தண்ணீரும் வாரம் தவறாமல் ஊற்றியவர்கள் செடி தளதளவென்று வந்தது, கூடவே சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியும் தளதளவென்று வந்தது. தழைச்சத்து அதிகமான மெல்லிய தளிர் அதற்கு விருந்து.

11. பூச்சிகள்

நான்கு பேர் வருவார்கள். இலையின் பச்சையத்தைச் சுரண்டி வலை மாதிரி ஆக்குவது புள்ளி வண்டு. செம்பழுப்பு முதுகில் கறுப்புப் புள்ளி இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். காலையில் மந்தமாக இருக்கும்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை முதுகில் கொத்தாக நிற்கும் மஞ்சள் முட்டையைப் பார்த்தால் அந்த இலையையே வெட்டிவிடுங்கள். ஆனால் பளபளவென்று இருக்கும் பொறிவண்டைக் கொல்லாதீர்கள், அது அசுவினியைத் தின்கிற நம் ஆள்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் எறும்போடு சேர்ந்தே வரும். அவை கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். அதனால் எறும்பின் வழியை முதலில் அடையுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

மிச்சத்துக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைக் கலந்து பால் மாதிரி ஆன பிறகு தண்ணீர் சேருங்கள், நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், தெளிக்கிற கடைசிச் சொட்டில் மொத்தமாக வந்து இலையைக் கருக்கும். மாலையில், இலை முதுகில் படும்படி தெளியுங்கள். தெளித்தபின் ஒரு வாரம் பறிக்க வேண்டாம். கசப்பு ரசத்தில் தெரியும்.

நான்காவது சிவப்புச் சிலந்தி, கோடையில் இலை மேல் மஞ்சள் பொடிப் புள்ளியாகத் தெரியும். காலையில் இலை முதுகைத் தண்ணீரால் கழுவிவந்தால் அடங்கும். கடை மருந்து எதுவும் வேண்டாம், பச்சையாக அரைத்துத் தின்கிற இலை இது.

12. பறிப்பதும் முள் எடுப்பதும்

பெரிய தொட்டிக்கு மாற்றி இரண்டு மாதம் ஆன பிறகு பறிக்கத் தொடங்கலாம். தனித்தனி இலையாகக் கிள்ளாமல், கத்தரிக்கோலால் நுனியிலிருந்து ஒரு சாண் கிளையாக வெட்டுங்கள். பறிப்பதும் கிள்ளுவதும் ஒரே வேலையாக முடிந்துவிடும். ஒரு தடவைக்குச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

இலையைக் காம்போடு பிடித்து, முதுகு மேலே தெரியும்படி வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் நடு நரம்பின் முட்களை வரிசையாக வெட்டுங்கள். தளிர் இலை முள்ளை நகத்தாலேயே சுரண்டலாம். வதக்கினால் முள் இளகிவிடும் என்று அப்படியே போடுகிறார்கள், இளம் இலைக்குச் சரி, முற்றிய இலையில் தொண்டையில் உரசும். குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வதக்கி, மையாக அரைத்து, வடிகட்டி ரசத்தில் சேருங்கள்.

மீந்த இலையை நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தி, நொறுங்கும் பதம் வந்ததும் பொடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கலாம். வெயிலில் காயவைத்தால் பச்சை வெளுத்து வைக்கோல் வாசம் வரும்.

சமையலுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை என்பது வேறு, மருந்தாகத் தினமும் எடுப்பது வேறு. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தூதுவளை ரசத்தை நம்பிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அது காசநோயாகவும் இருக்கலாம்.

13. பூவும் பழமும்

பூவை நெய்யில் வதக்கிச் சாப்பிடுவார்கள். விதை வேண்டாம் என்றால் பூவைத் தாராளமாகப் பறிக்கலாம், காய்ப்பதற்குப் போகிற சத்து இலைக்குத் திரும்பும்.

பூத்தும் காய் பிடிக்கவில்லை என்றால் செடியில் குறை இல்லை. இதன் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை மட்டுமே உண்டு, கருவண்டு போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசைகளால் அதிர வைத்தால்தான் உள்ளேயிருந்து மகரந்தம் கொட்டும். உயரமான மாடிகளுக்கு அவை வருவது குறைவு. காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், போதும்.

பச்சைக் காயைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக் குடும்பத்துக் காட்டுக் காய்களில் பழுக்காத நிலையில் நச்சுப் பொருள் இருக்கும்.

14. ஆடிக் கவாத்து

வருடம் ஒருமுறை, ஆடியில், செடியை ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள். கோடையைத் தாண்டிய செடியில் இலை தடித்து, தூசி படிந்து, உள்ளே காய்ந்த குச்சியாக இருக்கும். இப்போது வெட்டினால் புரட்டாசிக்குள் புதுக்கிளை நிறையும், வீட்டில் எல்லோரும் தும்மத் தொடங்குகிற ஐப்பசியில் செடி நிறைய இளம் இலை நிற்கும். மார்கழியில் சளி பிடித்த பிறகு தொட்டியைப் பார்ப்பவர்களுக்கு முற்றிய இலைதான் கிடைக்கும்.

காய்ந்த குச்சிகளை முதலில் எடுங்கள், கத்தி போக வழி கிடைக்கும். அப்புறம் மெல்லிய கிளைகள், கடைசியாக முக்கியத் தண்டுகள். வெட்டிய அன்றே மேல்மண்ணை இரண்டு அங்குலம் எடுத்துவிட்டுப் புது உரமண் நிரப்பி, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பத்து நாளுக்கு மொட்டையாக நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம்.

வெட்டி விழுந்ததில் பென்சில் தடிமன் உள்ளவற்றை ஒரு சாண் அளவில் நறுக்கி, அடியைச் சாய்வாக வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மற்ற முள்குச்சிகளை மக்கு உரக்குழியில் போடாதீர்கள், தண்டு மக்கினாலும் முள் மக்க நாளாகும், அடுத்த வருடம் உரம் அள்ளும்போது உங்கள் விரலைத்தான் தேடும்.